அப்பாவுக்கு உப்புத் தண்ணீர் தேடிப் போன நாள்

முருகன் துணை

மொன்றியல்
ஆனி மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் நிதுசனும் மச்சாள் கஜந்தினியும் குட்டி நேயாவும் வெயிலில் கறுத்ததைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்த மெல்பேர்ண் குளிரில் தடிமன் பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இருக்க வேண்டும் என்று முருகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கண்டவுடன் பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் அப்பாவின் பேரை எடுத்தவுடன் நீ அழத் தொடங்குவாய், நீ அழுதால் நானும் அழுவேன், பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டு இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டு வைத்துவிடுவோம். கடிதம் என்றால் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது, நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன். நீ ஒவ்வொரு கிழமையும் கேட்கிற அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அப்பாவின் சாம்பலைக் கரைத்தாயிற்றா இல்லையா என்று. பதிலை முதலிலேயே சொல்ல மாட்டேன், சொன்னால் மிச்சத்தை வாசிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

போன ஐப்பசியில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு எல்லோரும் செய்வதுபோல லஷீன் பக்கம் ஆற்றில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஐயரும் அதைத்தான் சொன்னார். நான்தான் மறித்தேன், அது உனக்கும் தெரியும், ஏன் மறித்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. டொக்டர் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதென்று சொன்ன நாளில் இருந்து உப்பைக் குறைத்தவள் நான். சோற்றில் இல்லை, கறியில் இல்லை, சம்பலில்கூடக் கிள்ளித்தான் போடுவேன். மனுசன் முதல் வாய் வைத்தவுடன் உப்புக் காணாது என்பார், நான் காணும் என்பேன், இதுதான் எங்கள் வீட்டுத் தேவாரம். அவர் போன பிறகு குளிர்க்கோட்டைத் தோய்க்க எடுத்தால் பையெல்லாம் சின்னச் சின்ன உப்புப் பொட்டலம். கோழிப் பொரியல் விற்கிற கடைகளில் சும்மா தருவார்களே, அது. எனக்குத் தெரியாமல் களவாகத் தின்றிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்ட ஆளை நல்ல தண்ணீரில் விட எனக்கு மனம் வரவில்லை மகள். இனியாவது உப்பில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நிதுசன் சொன்னான், அம்மா ஆறு கடலுக்குத்தானே போகுது, அப்பா தானாப் போய்ச் சேருவார் என்று. நான் சொன்னேன், உன்ரை கொப்பர் முப்பது வருசமா மெட்ரோவிலை பிழையான பக்கம் ஏறின ஆள், நடுவழியிலை எங்கையும் இறங்கி நிண்டால் ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது என்று. ஆனால் போன கிழமை வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை வாடகைக்கு ஒரு வான் வண்டி எடுக்கிறன், ஆறு கடலிலை சேருற பக்கமாக் கரையோரம் போவம், நேயாவும் மிருகம் பறவை எல்லாம் பார்ப்பாள், பொழுதுபட முன்னம் உங்களுக்குப் பிடிச்ச உப்புத் தண்ணி கிடைச்சால் அங்கை கரைப்பம், கிடைக்காட்டி அடுத்த ஞாயிறு நானே லஷீனுக்குக் கொண்டுபோறன், பேந்து நீங்கள் ஒரு கதையும் கதைக்கக் கூடாது என்று. திவசம் வர முன் முடிக்க வேண்டும் என்று ஐயர் சொன்னதையும் எடுத்து வைத்தான். நான் தலையை ஆட்டினேன்.

நேற்று விடிய முன்னமே வெளிக்கிட்டோம். என்னோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த றெஜினாவும் வந்தாள், கூப்பிடாமல் வந்தாள், மீன் கட்லற் ஒரு பெட்டியோடு வந்தாள். அப்பாவோடு போகிற பயணத்தில் மீன் மச்சம் கூடாது என்று நான் சொன்னேன், நான் வேதக்காரி எனக்குக் கூடும் என்று அவள் சொன்னாள். வானில் ஏறினால் என் பக்கத்து இருக்கையில் அப்பாவின் சாம்பல் முட்டி, வெள்ளைத் துணி கட்டி, நிதுசன் அதற்கு பெல்ற்றும் போட்டுவிட்டிருந்தான். உயிரோடு இருக்கும்போது பெல்ற் போடச் சொன்னால் வயிறு இறுக்குது என்று சண்டை பிடிப்பார், நேற்று ஒரு சத்தமில்லாமல் வந்தார். றெஜினா பின்னுக்கு நேயாவோடு நெருக்கிக்கொண்டு இருந்து என்னோடு முறுகினாள். ஞானம், நான் என்ரை மனுசனை மலைக் கல்லறையிலை ஒரே இடத்திலை வைச்சிருக்கிறன், ஞாயிறு போனால் ஆள் அங்கைதான் நிப்பார், நீ உன்ரை மனுசனைப் பெல்ற் போட்டு ஊர் சுத்தக் கூட்டிக்கொண்டு திரியிறாய் என்று. கஜந்தினி முன்னுக்கு இருந்து சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். நேயாவுக்கு நாங்கள் எதற்குப் போகிறோம் என்பது பாதிதான் தெரியும். அவளுக்கு வெள்ளைத் திமிங்கிலம் காட்டுவதாக நிதுசன் வாக்குக் கொடுத்திருந்தான். பெலுகா எங்கை, பெலுகா எங்கை என்று கியூபெக் நகரம் தாண்ட முன்னமே தொடங்கிவிட்டாள்.

நகரம் தாண்டி மொன்மனி என்ற இடத்தில் முதலாவதாக நிறுத்தினோம். ஆறு என்று சொல்லத் தேவையில்லாத அகலம், அக்கரை நீலக் கோடு மாதிரித் தெரிந்தது, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டில் இருந்து கொண்டுபோன சில்வர் பேணியில் அள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் வீட்டுக் குழாய்த் தண்ணீர் தோற்றுப் போகும், அவ்வளவு நல்ல தண்ணீர். கரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கொக்கு அசையாமல் நின்றது. நாங்கள் இடியப்பம் தின்று தேத்தண்ணீர் குடித்து முடியும் மட்டும் அது காலை மாற்றவில்லை, கடைசியில் பட்டென்று குனிந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. கஜந்தினி அடுத்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தாள். அடுத்த இடத்தில், சென்ட்-ஜோன் என்று தொடங்குகிற ஒரு நீளப் பேர், வாயில் வைத்தால் ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது இல்லாத மாதிரியும் இருந்தது. நோயாளிக்குக் கஞ்சிக்குப் போடுகிற உப்பு. நான் தலையை ஆட்ட, நிதுசன் சரி ஏறுங்கோ என்றான். அங்கே கல்லுகளுக்கு நடுவில் ஒரு தாய்வாத்து, அதற்குப் பின்னால் இருபது குஞ்சு இருக்கும். இவ்வளவும் அதின்ரை பிள்ளையளோ என்று றெஜினா வாயைப் பிளந்தாள். நேயா பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள், இல்லை அது கார்ட்ரி, மற்ற அம்மாமார் வேலைக்குப் போட்டினம் என்று. தான் முந்தி நாள் முழுக்க இருந்த பிள்ளைக் காப்பகத்தைத்தானே அவளுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனோம். நான் இடையில் முட்டியைத் திரும்பிப் பார்த்தேன், இந்தப் பகிடியை அப்பாவுக்கும் சொல்ல வேணும் என்ற பழக்கத்தில். பழக்கம்தானே.

மத்தியானம் கமுறாஸ்கா என்ற கரைக்கு வந்தோம். வந்து பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை மகள். உண்மையாகத்தான் சொல்கிறேன். வற்றுப்பெருக்கு இங்கே அப்படி, தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் உள்ளுக்குப் போய்விட்டது, மிச்சம் எல்லாம் சேறு. நிதுசன் பேணியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பாதி தூரத்தில் ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது, அதைத் தேடக் குனிய மற்றதும் போனது, முழங்கால் வரைக்கும் கறுப்புச் சப்பாத்துப் போட்டவன் மாதிரி நின்றுகொண்டு அங்கிருந்து கையைக் காட்டினான். வாங்கிக் கொடுத்த கஜந்தினி, அது நல்ல விலை போன செருப்பு என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு கடல் பறவை வந்து றெஜினாவின் பெட்டியில் இருந்து ஒரு கட்லற்றைத் தூக்கிக்கொண்டு போனது. அதுவும் வேதக்காரப் பறவையோ என்று நான் கேட்டேன், அவள் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். கோபம் ஆறினவுடன் அவளே நிதுசனின் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள், தூரத்துக் கல்லில் சீல் படுத்திருக்குது என்று. நானும் வாங்கிப் பார்த்தேன். ஐந்தாறு கிடந்தன. அதில் ஒன்று, தலையில் மயிரில்லை, மீசை மட்டும் இருக்கிறது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்து, நடுவில் கையைத் தூக்கி விலாவைச் சொறிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் சோபாவில் யார் அப்படிக் கிடப்பார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. றெஜினா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் ஒண்டும் சொல்லேல்லை என்றாள்.

நிதுசன் பேணியில் தண்ணீர் கொண்டுவந்தான். பாவம், சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். நான் நாக்கில் வைத்தேன். உப்பு மகள். நல்ல உப்பு. ஒளிக்க என்ன இருக்கிறது, அப்பாவுக்குப் போதுமான உப்புத்தான். ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, என் வாய் காணாது என்று சொல்லிவிட்டது. நான் நினைத்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. நிதுசன் பேணியை றெஜினாவிடம் கொடுத்தான். அவள் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, எனக்குப் பிறஷர், இதுக்கு மேலை என்னாலை நக்க ஏலாது, இது உப்பில்லையெண்டால் நான் கன்னியாஸ்திரி என்றாள். நிதுசன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா, இது கடைசி இடமெண்டு நினைச்சன் என்று மெல்லச் சொன்னான். கஜந்தினிதான் வான் கதவைத் திறந்தாள். மாமிக்குக் காணாதெண்டால் காணாதுதான், இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்பம், நேயாவும் இன்னும் பெலுகா பார்க்கேல்லைத்தானே என்றாள். அவள் எனக்காகத்தான் சொன்னாள் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையைப் பற்றி முந்தி உன்னிடம் ஏதாவது குறை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடு. வானில் நான் அப்பாவின் பெல்ற்றைச் சரிபார்த்தேன். இனி எந்த இடத்தில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கடைசியாக நின்ற இடத்துக்குக் கக்குனா என்று பேர். கல்லு நீண்டு தண்ணீருக்குள் இறங்குகிற முனை. தண்ணீர் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது, அக்கரை ஒன்றும் தெரியவில்லை, காற்று முகத்தில் அடித்துவிட்டு உதட்டை நக்கினால் அங்கேயே உப்பு. பேணி தேவைப்படவில்லை. என்றாலும் நிதுசன் நீட்டினான், என்றாலும் நான் வாங்கினேன். நாக்கில் வைத்தவுடன் தொண்டை வரைக்கும் எரிந்தது. நான் வாயைத் திறக்க முன் நேயா பேணியைப் பறித்து ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்பினாள். அப்பம்மா, உப்புக் கூடிப் போச்சு என்றாள். கல்யாணம் கட்டி வந்த நாளில் இருந்து இந்த வசனத்தை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே சரி இனி முடிந்தது என்று தெரிந்துவிட்டது. நானே போய் பெல்ற்றைக் கழற்றி முட்டியை எடுத்து நிதுசனின் கையில் கொடுத்தேன். கனம் குறைந்த மாதிரி இருந்தது, அல்லது நான் அதைத் தூக்கிப் பழகிவிட்டேன்.

இறங்க முன் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன். கரைத்தவுடன் கரைக்குத் திரும்ப வேண்டும், திரும்பின பிறகு ஒருவரும் பின்னால் பார்க்கக் கூடாது, பார்த்தால் போகிறவருக்குக் கால் இழுக்கும், வானில் ஏறும் மட்டும் கழுத்தைத் திருப்பாதேங்கோ என்று. நேயாவுக்குத் தனியாக இரண்டு தரம் சொன்னேன். நிதுசன் சட்டையைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினான். ஆனி மாதம் என்று பேர்தான், தண்ணீர் ஐஸ். பல்லு அடிக்க அடிக்க ஐயர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான், பாதி மறந்துபோய் பிறகு சிவசிவ என்று மட்டும் சொன்னான். அது காணும். அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, மூன்று கால் வைத்த பெரிய கமெராவோடு திமிங்கிலம் பார்க்க வந்தவர்கள், எங்களைக் கண்டவுடன் என்னவென்று விளங்கி, மனுசன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நிதுசன் முட்டியைச் சரித்தான். காற்று ஒரு பிடியை எடுத்தது, மிச்சத்தைத் தண்ணீர் எடுத்தது. முட்டியையும் விட்டுவிட்டு மூன்று தரம் முழுகி எழும்பினான். நான் சொன்னபடி எல்லோரும் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாகக் கல்லில் ஏறத் தொடங்கினோம்.

நாலு அடி வைத்திருக்க மாட்டோம், பின்னால் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. எதிரில் நின்ற வெள்ளைக்காரி இரண்டு கையையும் வாயில் வைத்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் கையைக் காட்டி மடாம், மடாம் என்று கூப்பிட்டாள். நாங்கள் திரும்பவில்லை. அவளுக்கு விளங்கவில்லை, இந்த ஆட்கள் குருடோ செவிடோ என்று நினைத்திருப்பாள், மனுசனும் சேர்ந்து தொப்பியை ஆட்டிக் காட்டினார். நாங்கள் கல்லு மாதிரி நின்றோம். நிதுசன் ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு நேரே ரோட்டில் நின்ற வானையே பார்த்தான். கஜந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். றெஜினா மட்டும் எனக்கு உங்கடை சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள், நின்று வாயும் மூடவில்லை. ஐயோ ஞானம், வெள்ளை வெளேரெண்டு, ஒண்டு, ரண்டு, குட்டியும் ஒண்டு, குட்டி சாம்பல் நிறம், கரைக்குக் கிட்ட, அந்தா மூச்சு விடுது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நேயா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை, அந்தப் பிள்ளை திரும்பவேயில்லை, கண்ணால் தண்ணீர் ஓட நேரே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள், அப்பம்மா, நான் திரும்பலாமோ என்று. ஆறு வயது. விடியப்புறம் இருந்து கேட்டுக்கொண்டு வந்த திமிங்கிலம் முதுகுக்குப் பின்னால். என் வாய் என்ன சொல்லும் என்றுதான் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் காலையில் இருந்து எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோய் நின்றேன். திரும்புங்கோ என்றேன். எல்லாரும் திரும்புங்கோ.

நானும் திரும்பினேன். உனக்கு உண்மையைச் சொன்னால் என்ன, நான் திமிங்கிலத்துக்காகத் திரும்பவில்லை, அப்பா இன்னும் தெரிகிறாரா என்று பார்க்கத்தான் திரும்பினேன். தண்ணீரில் ஒன்றும் இல்லை. சாம்பலும் இல்லை, முட்டியும் இல்லை, எந்த இடத்தில் விட்டோம் என்றுகூடத் தெரியவில்லை. அந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக முதுகுகள் எழும்பி எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தன, தோய்த்த துணியை யாரோ தண்ணீருக்குள் அலசுகிற மாதிரி. குட்டி தாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனது. நேயா குதித்தாள், நிதுசன் ஈரத்தோடு அவளைத் தூக்கித் தோளில் வைத்தான், அவனும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். அப்பா போன பிறகு அவன் பல்லுத் தெரியச் சிரித்ததை நான் நேற்றுத்தான் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் மெர்சி என்றேன், வேறு என்ன சொல்வது. போகிறவருக்குக் கால் இழுக்கும் என்றால் கொஞ்சம் இழுக்கட்டும், அவரும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐயர் கேட்டால் இதை நீ சொல்லாதே.

இப்போது உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ பக்கத்தில் இல்லையே என்று குற்றம் நினைக்காதே, இருந்திருந்தால் நீயும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருப்பாய். கஜந்தினி போனில் எடுத்த படங்களை அனுப்புவாள், அதில் என் வாய் திறந்திருக்கிறது, அதை மருமகனுக்குக் காட்டாதே. நிதுசனுக்குத் தடிமன் பிடித்துவிட்டது, மல்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். நீ வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே, கோப்பியைச் சாப்பாடு என்று நினைக்காதே, இரவு தலை முழுகாதே.

இன்னொரு விசயம். நீ வா வா என்று கூப்பிட்ட நேரமெல்லாம் ஒருமுறை குளிர் என்றேன், ஒருமுறை பாஸ்போர்ட் முடிந்துவிட்டது என்றேன். பாஸ்போர்ட் முடியவில்லை. அப்பாவை அறையில் தனிய வைத்துவிட்டு எப்படி விமானம் ஏறுவது. றெஜினாவிடம் விட்டால் அவள் செபம் சொல்லிச் சொல்லி ஆளை வேதத்துக்கு மாற்றியிருப்பாள். இன்று காலை அவளோடு சந்தைக்குப் போக வெளிக்கிட்டேன், வழக்கம்போல உள்ளுக்குத் திரும்பி, அப்பாவிடம் போயிட்டு வாறன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கதவைப் பூட்டினேன். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், பிறகு படியால் இறங்கிப் போனேன். ஆகவே டிக்கெட் பார் மகள். ஜன்னல் பக்கமாகப் பார்.

நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சமைத்ததை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும். திவசத்துக்கு அன்று விளக்கேற்ற மறக்காதே.

உன் வரவுக்கல்ல, இந்தமுறை என் வரவுக்குக் காத்திருக்கச் சொல்லி,
அன்பு அம்மா
ஞானாம்பிகை சண்முகலிங்கம்